உதவி: 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும் லேப்டாப், மூடப்போகும் கல்லூரி மெயில்

டெர்மினல்தம்பி:
வணக்கம், கொஞ்சம் அவசரம். கோவையில் இன்ஜினியரிங் முடித்தாயிற்று. அடுத்த வாரம் சென்னையில், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். அதற்குள் லேப்டாப்பில் விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட்டுவிடலாம் என்று வென்டாய் (ஐஎஸ்ஓ எனப்படும் நிறுவல் ஃபைல்களிலிருந்து நேராக பூட் செய்ய உதவும் கருவி) பென்டிரைவ் தயார் செய்தேன். பூட் ஆகாமல் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) பிழை காட்டியது. பயோஸில் செக்யூர் பூட்டை அணைத்ததும் மின்ட் அருமையாக ஓடியது. பென்டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத்திரை: பிட்லாக்கர் ரெகவரி சாவியைக் கொடு, 48 இலக்கம் என்கிறது.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் என்க்ரிப்ஷன்தான் பிட்லாக்கர் என்கிறார்கள், அதை நான் தொட்டதே இல்லை. என் சொந்த அவுட்லுக் கணக்கில் சாவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கிறது. இதற்கு நடுவில், பாஸ் அவுட் ஆனவர்களின் மெயில் இந்த மாதக் கடைசியில் மூடப்படும் என்று கல்லூரியிலிருந்து அறிவிப்பு வேறு. ஃபைனல் இயர் புராஜெக்ட், நாலு வருட போட்டோ எல்லாம் உள்ளே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

ஸ்பீடுபிரேக்கர்:
ஃபார்மட் பண்ணிட்டு மின்ட் மட்டும் போடுங்க ப்ரோ. அரை மணி நேர வேலை.

லேப்அட்மின்:
ஃபார்மட் செய்யாதீர்கள் தம்பி. அந்தத் திரையில் எண்களை ஊகித்து அடிக்கவும் வேண்டாம். முதலில் பயோஸுக்குப் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து பாருங்கள். வேறு எதையும் மாற்றியிருந்தால் அதையும் பழையபடி வையுங்கள்.

காரணம் இதுதான்: டிஸ்க்கைத் திறக்கும் சாவி லேப்டாப்பில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. மெஷின் பூட் ஆகும்போது செக்யூர் பூட் நிலை உட்படச் சில அளவீடுகளை அந்தச் சிப் எடுக்கும். முன்பு இருந்த மாதிரியே இருந்தால்தான் சாவியை வெளியே விடும். நீங்கள் செக்யூர் பூட்டை அணைத்ததும் அளவீடு மாறிவிட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சாவி கேட்காமலே திறந்துகொள்ளும்.

அப்புறம் இரண்டு கேள்வி. நீலத்திரையில் சாவி ஐடி என்று ஒன்று இருக்கும், அதை போட்டோ எடுத்தீர்களா? இந்த லேப்டாப்பில் கல்லூரிக் கணக்கில் எப்போதாவது லாகின் செய்திருக்கிறீர்களா?

டெர்மினல்தம்பி:
அக்கா, விண்டோஸ் திறந்துவிட்டது!! செக்யூர் பூட்டை ஆன் செய்தேன், நேராக பின் நம்பர் கேட்கும் திரைக்கு வந்துவிட்டது. உயிர் வந்தது.

கல்லூரிக் கணக்கு பற்றி: இரண்டாம் வருடத்தில் லேபில் எல்லோருக்கும் விண்டோஸ் எஜுகேஷன் பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது கல்லூரி ஐடியைப் போட்டுத்தான் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு தினமும் அடிப்பது ஆறு இலக்கப் பின் மட்டும்தான், அதற்கு அடியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. இப்போது செட்டிங்ஸில் பார்த்தால் கல்லூரி ஐடிதான் நிற்கிறது. சொந்த அவுட்லுக் கணக்கு மெயில் ஆப்பில் மட்டும்தான் இருக்கிறது.

லேப்அட்மின்:
அப்போது விஷயம் தெளிவு. லேப்டாப் கல்லூரியின் என்ட்ராவில் (நிறுவனக் கணக்குகளையும் சாதனங்களையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) இணைந்திருக்கிறது. என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆனபோது சாவி கல்லூரிக் கணக்குக்குப் போய்விட்டது. அதனால்தான் உங்கள் சொந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. பிட்லாக்கரை நீங்கள் தொடவில்லை என்பதும் உண்மைதான், அது உங்களைக் கேட்டுக்கொண்டு ஆன் ஆவதில்லை.

கல்லூரி மெயில் உயிரோடு இருக்கும்போதே, இன்றைக்கே இதைச் செய்யுங்கள்: மைக்ரோசாஃப்ட்டின் 'மை அக்கவுண்ட்' பக்கத்தில் கல்லூரி ஐடியில் நுழையுங்கள். டிவைசஸ் என்பதற்குள் உங்கள் லேப்டாப் பெயரை விரித்தால் பிட்லாக்கர் சாவிகளைப் பார்க்க ஒரு இணைப்பு இருக்கும். ஒன்றுக்கு மேல் சாவி இருந்தால், சாவி ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை நீலத்திரையில் வந்ததோடு ஒப்பிட்டு எடுங்கள். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டு. பேப்பரில் எழுதி வையுங்கள். அந்த லேப்டாப்பின் டெஸ்க்டாப்பிலேயே நோட்பேடில் சேமித்து வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை கணக்கு ஏற்கெனவே மூடியிருந்தால், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மைக்ரோசாஃப்ட் பக்கம் நீக்கிய பயனரை அட்மின் 30 நாளுக்குள் மீட்கலாம். கூகுள் பக்கம் 20 நாள். அதற்குள் கல்லூரியின் கணினிப் பிரிவில் போய் நில்லுங்கள். மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேரில் போங்கள்.

டெர்மினல்தம்பி:
சாவி கிடைத்தது, நோட்டில் எழுதிவிட்டேன். இனி கல்லூரி இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்ட் போடலாமா?

ஓஎம்ஆர்பயணி:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. எக்ஸ்ப்ளோரரைத் திறந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் பாருங்கள். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல நிற மேகச் சின்னம் இருக்கிறதா?

டெர்மினல்தம்பி:
ஆமாம் அண்ணா, பாதிக்கு மேல் மேகம்தான். புராஜெக்ட் ஃபோல்டரிலேயே ரிப்போர்ட்டின் கடைசி வடிவத்துக்குப் பச்சை டிக் இருக்கிறது, டேட்டாசெட் முழுக்க மேகம்.

ஓஎம்ஆர்பயணி:
அதுதான் பொறி. மேகம் இருக்கும் ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, கல்லூரியின் ஒன்டிரைவில் இருக்கிறது. பெயரும் ஐகானும் மட்டும்தான் இங்கே. கணக்கு மூடிய அன்று அந்த ஃபைலும் போய்விடும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் என் அறைத்தோழனுக்கு இதுதான் நடந்தது. லேப்டாப்பில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

மொத்த ஒன்டிரைவ் ஃபோல்டரையும் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் பச்சையாக மாறும்வரை காத்திருங்கள். ஹாஸ்டல் வைஃபை என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், ஸ்லீப் மட்டும் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, நான்கைந்து ஃபைலை வேறு ஒரு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

கூகுள் பக்கமும் கல்லூரிக் கணக்கு உண்டா?

டெர்மினல்தம்பி:
உண்டு. ஜிமெயில், டிரைவ், கோலாப் (பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் சேவை) நோட்புக் எல்லாம் அதில்தான். டிரைவில் மட்டும் 40 ஜிபிக்கு மேல் இருக்கும். முன்பெல்லாம் சீனியர்கள் முடித்துப் போன பிறகும் கணக்கு இருந்ததே?

லேப்அட்மின்:
அது பழைய காலம். கல்வி நிறுவனங்களுக்கு கூகுள் அளவில்லா இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி என்று அடிப்படை வரம்பு வந்தது. அதை ஆயிரக்கணக்கான மாணவர்களும் ஆசிரியர்களும் பங்குபோட வேண்டும். இப்போது எந்த அட்மினும் முதலில் கைவைப்பது முடித்துப் போனவர்களின் கணக்கில்தான். திட்டாதீர்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.

எடுக்க இரண்டு வழி. கூகுள் டேக்அவுட்டில் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வசதி இருக்கிறது, மெயிலையும் டிரைவையும் நேராக உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு நகலெடுக்கும். ஆனால் சொந்தக் கணக்கில் இலவச இடம் 15 ஜிபிதான். உங்கள் 40 ஜிபி அதில் அடங்காது. அது முடிய ஒரு வாரம்வரைகூட ஆகலாம், கடைசி நாளில் அழுத்திப் பயனில்லை. இரண்டாவது, டேக்அவுட்டில் ஜிப்பாக இறக்குவது. ஜிப் அளவைப் பெரிதாகத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 2 ஜிபி துண்டுகளாகக் குவியும். இறக்கும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது: பெரிய வீடியோ, டேட்டாசெட் எல்லாவற்றையும் ஜிப்பாக ஹார்டு டிஸ்க்குக்கு இறக்குங்கள். டிரைவிலிருந்து அவற்றை அழித்துவிட்டு, மீதியை டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். கோலாப் நோட்புக் டிரைவிலேயே அதற்கான ஃபோல்டரில் இருப்பதால் கூடவே வந்துவிடும்.

உங்கள் பெயரில் உருவாக்கி டீமுக்குப் பகிர்ந்த டாக்குமென்ட் எல்லாம் உங்கள் கணக்கோடு மறையும். டீம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மின்ட்ரசிகை:
ஃபைலை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், லாகினை மறந்துவிடுவார்கள். கல்லூரி மெயிலை யூசர்நேமாகக் கொடுத்த இடங்களை ஒரு முறை தேடுங்கள். எளிய வழி: அந்த இன்பாக்ஸில் 'வெரிஃபை', 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால் வரிசையாக வந்து நிற்கும்.

நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் முக்கியம். சொந்த மெயிலைச் சேர்த்து அதையே பிரைமரியாக மாற்றுங்கள். கல்லூரி மெயிலைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். பழைய கமிட்டெல்லாம் (பதிந்த நிரல் மாற்றங்கள்) அந்த மெயிலில்தான் உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கிறது, எடுத்தால் உங்கள் பக்கத்தில் அவற்றைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் காணாமல் போகும். இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளைப் புதிதாக இறக்கி, பிட்லாக்கர் சாவி எழுதிய அதே நோட்டில் எழுதுங்கள்.

குரோமில் கல்லூரி புரொஃபைலில் பாஸ்வேர்டு சேமித்திருந்தால் முதலில் ஏற்றுமதி செய்து, சொந்தக் கணக்கில் இறக்குமதி செய்துகொள்ளுங்கள். அந்த ஃபைலில் பாஸ்வேர்டெல்லாம் திறந்த எழுத்தில் இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஆமாம், கம்பெனியின் ஆஃபர் லெட்டர் எந்த மெயிலுக்கு வந்தது?

டெர்மினல்தம்பி:
ஐயோ. கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்பதால் கல்லூரி மெயிலுக்குத்தான். டாக்குமென்ட் அப்லோட் செய்யும் இணைப்பும் அதற்குத்தான் வரும் என்றார்கள்.

மின்ட்ரசிகை:
அப்போது மேலே சொன்ன எதற்கும் முன்னால் இது. ஹெச்ஆருக்குக் கல்லூரி மெயிலிலிருந்தே எழுதுங்கள், அப்போதுதான் நீங்கள்தான் என்று நம்புவார்கள். 'இந்த மெயில் மாத இறுதியில் செயலிழக்கும், இனி எல்லாத் தொடர்பும் இந்தச் சொந்த மெயிலுக்கு' என்று இரண்டு வரி போதும். சிசியில் சொந்த மெயிலைப் போடுங்கள். ஆஃபர் லெட்டரைப் பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள்.

டெர்மினல்தம்பி:
அனுப்பிவிட்டேன், பதிலும் வந்துவிட்டது. ஒன்டிரைவ் பச்சையாகிக்கொண்டிருக்கிறது. இனி லேப்டாப்பை என்ன செய்ய?

லேப்அட்மின்:
உங்களிடம் கல்லூரிக் கணக்கைத் தவிர வேறு அட்மின் கணக்கு இல்லை. இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு லோக்கல் அட்மின் உருவாக்கி, அதில் நுழைந்து பார்த்த பிறகே துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு வெளியே நீங்களே நிற்பீர்கள். அதைச் செய்யலாம், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் சுத்தமாகப் புதிதாகவே போடுவேன். பேக்கப் கையில் இருக்கிறது, எதற்கு ஒட்டுப்போட வேண்டும்?

'ரீசெட்' வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் எடுத்துப் பென்டிரைவ் செய்து அதிலிருந்து நிறுவுங்கள். லேப்டாப்போடு வந்த ஹோம் பதிப்பின் சாவி பயோஸிலேயே இருக்கும், அதைத் தானாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இணையம் கேட்டு, வைஃபை டிரைவர் இல்லை என்று நின்றால் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் ஆன் செய்யுங்கள். சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். என்க்ரிப்ஷன் மறுபடி தானாக ஆன் ஆகலாம், பரவாயில்லை, லேப்டாப்பைப் பையில் போட்டு ரயிலில் போகிறவருக்கு அது நல்லதுதான். சாவி இந்த முறை உங்கள் கணக்கில் வந்துவிட்டதா என்று அன்றே பாருங்கள்.

மின்ட்ரசிகை:
மின்டுக்கு செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. மின்ட், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் அது ஆன் இருக்கும்போதே பூட் ஆகும். உங்களுக்கு இடறியது வென்டாய். முதல் முறை ஒரு நீலத்திரையில் அதன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும், செய்தால் சரி. இல்லையா, மின்ட் ஐஎஸ்ஓவை மட்டும் தனியாகப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்து, டிஸ்க் முழுக்கத் திறந்த பிறகு, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்குங்கள். மின்ட் போட்ட பிறகு என்க்ரிப்ஷனை ஆன் செய்யலாம். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் போக கிரப் மெனு (பூட் ஆகும்போது லினக்ஸ் காட்டும் தேர்வுப் பட்டியல்) வழியாகப் போகாமல் பயோஸின் பூட் மெனுவில் தேர்ந்தெடுங்கள். கிரப் வழியாகப் போனால் சில லேப்டாப்களில் மறுபடி அதே நீலத்திரை வரும்.

ஓஎம்ஆர்பயணி:
கம்பெனி ஒரு லேப்டாப் தரும். அதில் உங்கள் சொந்த ஜிமெயிலையோ கிட்ஹப்பையோ திறக்காதீர்கள். அதேபோல இந்த லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலைத் திறக்கும்போது 'இந்தச் சாதனத்தை என் நிறுவனம் நிர்வகிக்க அனுமதி' என்று டிக் ஒன்று போட்டே வரும். அதை எடுத்துவிட்டு, இந்த ஆப்பில் மட்டும் நுழை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சொந்த லேப்டாப்பிலேயே கம்பெனியின் பிடி விழுந்துவிடும். மாணவர் லைசன்ஸில் வாங்கிய ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) எதையும் ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் தமிழில் தட்டச்சு செய்கிறவர் என்று தெரிகிறது. கம்பெனி மெஷினில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள், ஆனால் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்க அனுமதி இருந்தால் போதும்.

டெர்மினல்தம்பி:
எல்லாம் முடிந்தது. விண்டோஸ் ஹோம் புதிதாக, சாவி என் கணக்கில், பக்கத்தில் மின்ட். சென்னை வந்து சேர்ந்தும் விட்டேன். ஒரே ஒரு சின்னச் சந்தேகம்: மின்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது. கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி போய்விட்டதா?

மின்ட்ரசிகை:
பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. லினக்ஸ், மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. மின்டில் 'டைம்டேட்சிடிஎல்' (timedatectl) கட்டளையால் போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதுவரை விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் சரியாகிவிடும்.