அப்பாவின் வெள்ளையணுக்களில் இருந்தே தடுப்பூசி: எட்டு லட்சம் கட்டலாமா?

திண்டுக்கல்காரன்:
அப்பாவுக்கு 71 வயது. ப்ராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. ஹார்மோன் ஊசியில் இறங்கிய பி.எஸ்.ஏ (நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இப்போது மறுபடி ஏறுகிறது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். அப்பாவின் ரத்தத்தில் இருந்து வெள்ளையணுக்களை எடுத்து 'டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி' செய்து ஏற்றுவார்களாம். எதிரி யார் என்று உடலின் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பதுதான் டென்ட்ரிடிக் செல்லாம். எட்டு லட்சம். கண்டுபிடித்தவர் நோபல் வாங்கியவர், அமெரிக்காவிலேயே அனுமதி இருக்கிறது என்கிறார்கள். அம்மா நிலத்தை அடமானம் வைக்கச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விமலா:
தம்பி, முதலில் பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ (இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவு எண் இருக்க வேண்டும், ஆராய்ச்சி மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சி இல்லை என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

ரத்தவங்கி அண்ணன்:
நான் டாக்டர் இல்லை தம்பி. அணுக்களைப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் மெஷினில் வேலை பார்க்கிறவன். கிளினிக்கில் சொன்ன நோபல், அமெரிக்க அனுமதி இரண்டும் பொய்யில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ப்ரொவெஞ்ச் என்ற மருந்து. நோயாளியின் அணுக்களை எடுத்து, ப்ராஸ்டேட் செல்களில் இருக்கும் பி.ஏ.பி என்ற புரதத்தை அடையாளம் காட்டிப் பழக்கி, சுமார் மூன்று நாளில் திரும்ப ஏற்றுவார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை. 512 பேரிடம் சோதித்தார்கள். இந்த மருந்து இல்லாதவர்களில் பாதிப் பேர் 21.7 மாதம் தாண்டினார்கள், இதைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 25.8 மாதம். நான்கு மாதம் கூடுதல். அதுவும் பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டி சுருங்கியதும் பி.எஸ்.ஏ நன்றாக இறங்கியதும் மிகச் சிலருக்கே. முக்கியமாக, அந்தச் சோதனையில் சேர்த்தது வலி இல்லாதவர்களையும் லேசான வலி உள்ளவர்களையும்தான். மார்ஃபின் சாப்பிடும் உங்கள் அப்பாவை அங்கேயே எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த அனுமதி அந்த ஒரு மருந்துக்கு. வேறொரு ஆய்வகம் தன் முறையில் செய்வதற்கு அதைக் காட்டுவது நியாயமே இல்லை, எனக்குக் கோபம் வருகிறது.

டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ரால்ஃப் ஸ்டைன்மன் தன் கணையப் புற்றுநோய்க்குத் தன் செல்களையே பயன்படுத்தினார், கீமோவும் எடுத்துக்கொண்டார். 2007-ல் நோய் தெரிந்தது, 2011-ல் பரிசு அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்தார். கணையப் புற்றுநோயில் நான்கு வருடத்துக்கு மேல் என்பது அதிகம். எது உதவியது என்று ஒரே மனிதரை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தத் துறையே ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி செய்து பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். ஆராய்ச்சியாக, சிறிய அளவில்.

மெஷின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஊசி, மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போகும். முதுகெலும்பில் வலி இருப்பவர்கள் பாதியில் அழுது எழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல்காரன்:
கொடுத்த தாளில் பதிவு எண்ணும் இல்லை, அனுமதியும் இல்லை அண்ணா. அப்பாவுக்கு நான் வேறு என்னதான் செய்வது?

ரத்தவங்கி அண்ணன்:
பழைய டாக்டரிடமே போங்கள். அபிராட்டிரோன் (ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை), டோசிடாக்செல் (கீமோ மருந்து) இரண்டில் எது அப்பாவுக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். அபிராட்டிரோனை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்குக் குறையும், அதையும் கேளுங்கள். அப்புறம், கால் பலவீனமானாலோ சிறுநீர் நின்றாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கும் அறிகுறி அது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.