கேமிங் லேப்டாப்புக்கு மின்ட்டா, கேச்சியா, பஸைட்டா?

வெள்ளாடு: ரைசன் 7, என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 கூடவே இருக்கணும். ஆடுறது எல்டன் ரிங், டோட்டா 2, வேலரன்ட். கூட எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடலாம்? மின்ட், கேச்சிஓஎஸ், பஸைட்னு மூணு பேர் அடிபடுது.

புதினா85: வேலரன்ட்டை விண்டோஸிலேயே விட்டுடுங்க. அதோட வேன்கார்ட், விண்டோஸ் கர்னலுக்குள்ள (சிஸ்டத்தோட மையப் பகுதி) உட்கார்ற ஆன்டிசீட், அதாவது ஆட்டத்துல ஏமாத்துறதைத் தடுக்கிற மென்பொருள். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஓடாது. மத்த ரெண்டும் ஓடும். லினக்ஸ் மின்ட் போடுங்க. டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கிற என்விடியா டிரைவரை டிக் பண்ணி ரீபூட். வேலை முடிஞ்சது.

உருளும்கல்: எங்க முடிஞ்சது? மின்ட்டோட சின்னமன் டெஸ்க்டாப் இன்னும் திரையில காட்டுறதுக்கு பழைய எக்ஸ்11 மேலதான் நிக்குது, அதுக்குப் பதிலா வந்த புது வேலண்ட் அதுல சோதனை நிலைதான். லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ், வெளி மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னு மாட்டிப் பாருங்க, திக்கும். 2024ல என்விடியா 555 டிரைவரோட எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (படங்களை வரிசை தப்பாம காட்டுற வசதி) வந்ததும் வேலண்ட்ல என்விடியா மினுக்கல் பெரும்பாலும் ஒழிஞ்சுது. கேச்சிஓஎஸ், அதுல கேடிஇ டெஸ்க்டாப். அதான் என் ஓட்டு.

புதினா85: உருட்டுறவங்க (புதுப் பதிப்புகள் வந்துக்கிட்டே இருக்கிற 'ரோலிங்' டிஸ்ட்ரோ ஆளுங்க) எப்பவும் இதைத்தான் சொல்வாங்க 😄 2025 டிசம்பர்ல கேச்சிஓஎஸ்ஸுக்கு அடிப்படையான ஆர்ச் லினக்ஸுக்கு என்விடியா 590 டிரைவர் வந்தப்போ ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு ஆதரவு போச்சு. அறிவிப்பைப் படிக்காம அப்டேட் கொடுத்தா டெஸ்க்டாப்பே வராது. ஏயூஆர்ல (ஆர்ச் பயனர்கள் நடத்துற பேக்கேஜ் கிடங்கு) இருந்து பழைய 580 டிரைவரைப் போட்டுத்தான் மீளணும். புதுசா வர்றவருக்கு இது தேவையா?

உருளும்கல்: அவர்கிட்ட இருக்கறது 4060. 10 வரிசையை ஏன் இழுக்கறீங்க? பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துல நிறுவி ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தோட அப்போதைய நிலையின் நகல்) வச்சிருந்தா, உடைஞ்சாலும் பூட் மெனுவிலிருந்தே முந்தின நிலைக்குப் போயிடலாம்.

முனையக்காரன்: அந்த வசதி பஸைட்ல பிறவியிலேயே இருக்கு. சிஸ்டம் முழுக்க ஒரே இமேஜ் (மொத்தமா மாறுற ஒரே தொகுப்பு), என்விடியா டிரைவரும் அதுக்குள்ளேயே. கர்னல் ஒரு பதிப்பு, டிரைவர் மாடியூல் இன்னொரு பதிப்புன்னு முட்டிக்காது. அப்டேட் சொதப்பினா பூட் மெனுவில பழைய இமேஜைத் தேர்ந்தெடுத்தாப் போதும். என்விடியாவுக்கான ஐஎஸ்ஓ (நிறுவுற ஃபைல்) தனியா இருக்கு, சாதாரணத்தை இறக்கிடாதீங்க. செக்யூர் பூட் (கையெழுத்திட்ட சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடுற வசதி) ஆன்ல வச்சிருந்தா முதல் பூட்ல நீலத் திரை வரும். அங்க சாவியைப் பதியணும். தவறவிட்டா செக்யூர் பூட்டோட சிஸ்டமே பூட் ஆகாது.

புதினா85: சரி, ஆனா பஸைட்ல சிஸ்டம் பகுதி பூட்டி இருக்கும். பிரின்டர் டிரைவர் மாதிரி ஒரு பேக்கேஜ் ஏத்தவே ரீபூட் கேட்கும். லேப்டாப்ல வேலையும் பார்க்கறவங்களுக்கு எரிச்சல்.

முனையக்காரன்: அது உண்மைதான், மறுக்கல. வெள்ளாடு, எதைப் போட்டாலும் மூணு விஷயம். பார்ட்டிஷனைத் தொடும் முன்னாடி விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கரோட மீட்புச் சாவியை எழுதி வைங்க, விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைங்க. ரெண்டாவது, ஸ்டீம் லைப்ரரியை விண்டோஸோட என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்ல வைக்காதீங்க; விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டுற புரோட்டான் உருவாக்குற 'சி:' மாதிரி கோலன் உள்ள பெயரை விண்டோஸ் ஏத்துக்காது, கேம் திறக்காம நிக்கும். தனியா லினக்ஸோட எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் போடுங்க. மூணாவது பேட்டரி: சும்மா இருக்கும்போது என்விடியா சிப் தூங்கணும். என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டிப் பார்க்காதீங்க, அந்தக் கட்டளையே அதை எழுப்பிவிடும். சிஸ்எஃப்எஸ்ல (லினக்ஸோட /sys கோப்புறை) அந்த பிசிஐ சாதனத்தோட ரன்டைம் ஸ்டேட்டஸைப் படிங்க. 'சஸ்பெண்டட்'னு இருந்தா சரி.

வெள்ளாடு: மானிட்டர் எச்டிஎம்ஐல எப்பவும் மாட்டியிருக்கும். அப்பவும் தூங்குமா?

உருளும்கல்: பல கேமிங் லேப்டாப்ல எச்டிஎம்ஐ நேரா என்விடியாவுக்குத்தான் போகுது. அப்படின்னா தூங்காது, டிஸ்ட்ரோ மாத்தியும் பயனில்லை. டிஸ்ப்ளே தர்ற யுஎஸ்பி-சி போர்ட் இருந்தா அதுல மாட்டிப் பாருங்க. சில மாடல்ல அது பிராசஸருக்குள்ளேயே இருக்கற உள் கிராஃபிக்ஸுக்குப் போகும்.