முதல் கடியை யார் வாங்குவது? (ஆபத்தான நாய் இனங்களுக்குத் தடை வேண்டுமா)

மரநிழல்:
சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிட்புல், ராட்வைலர், எக்ஸ்எல் புல்லி மாதிரி இனங்களை யார் வேண்டுமானாலும் வாங்கி வளர்க்கலாம் என்ற நிலை மாற வேண்டும். தடை வேண்டும், இல்லையென்றால் கடுமையான உரிமமாவது வேண்டும்.

எல்லா நாயும் கடிக்கும்தான், மறுக்கவில்லை. பொமரேனியன் கடித்தால் டிஞ்சரும் ஊசியுமாகப் போகும். இவை கடித்தால் ஆபரேஷன் தியேட்டர். அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய் கடித்து இறந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கடித்த நாயின் இனம் தெரிந்த மரணங்கள் 238. அதில் பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வைலரும்தான். பிரிட்டன் 1991லேயே நான்கு இனங்களுக்குத் தடை போட்டது. 2023 டிசம்பர் 31ல் எக்ஸ்எல் புல்லியையும் சேர்த்தார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

கறுப்பன் வீட்டுக்காரர்:
ஏழு வருடமாக ராட்வைலர் வளர்க்கிறேன். நீங்கள் சொன்ன அந்த அமெரிக்க ஆய்வை எழுதியவர்களே, இந்த எண்ணிக்கையை வைத்து எந்த இனம் அதிக ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஏனென்றால் எந்த இனத்தில் மொத்தம் எத்தனை நாய் இருக்கிறது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. ரோட்டில் பாதி கார் வெள்ளை நிறம் என்றால் விபத்தில் சிக்குவதிலும் பாதி வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்காக வெள்ளை பெயின்ட் மீது வழக்குப் போடுவோமா?

2022ல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான்.

எங்கள் கறுப்பன் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடுவான். முன்பாதி மட்டும்தான் உள்ளே போகும். பின்பாதி வெளியே நடுங்கிக்கொண்டிருக்கும். இவனுக்குத்தான் தடை கேட்கிறீர்கள்.

தையல்17:
என் பெயரைப் பார்த்தாலே புரியும். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தேன். உள்ளிருந்து ஓனர், "ஒண்ணும் செய்யாது, உள்ளே வாங்க" என்றார். கொண்டியைத் தூக்கியதுதான் தெரியும். வலது முன்கையைக் கவ்வியது, விடவில்லை. அவர் பின்கால்களைப் பிடித்து இழுக்கிறார். இழுக்க இழுக்க என் கைதான் கிழிகிறது. பதினேழு தையல். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றைக்கும் முழுசாக மடங்காது. டம்ளரைப் பிடித்தால் அந்த இரண்டு விரலும் தனியாக நிற்கும்.

அந்த நாய் அதற்கு முன்னால் யாரையும் கடித்ததில்லையாம். ஓனர் சத்தியம் செய்தார். அது உண்மையாகவே இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கறுப்பன் வீட்டுக்காரர்:
படிக்கவே சங்கடமாக இருக்கிறது தம்பி. "ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி ஆளை உள்ளே விடுவது பெரிய தப்பு. தப்பாகக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அது என்ன இனம்?

தையல்17:
தெரியாது அண்ணா. ஓனர் "லேப் கிராஸ்", அதாவது லேப்ரடார் கலப்பு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் "பிட்புல்தான், எனக்குத் தெரியும்" என்றார். ஆஸ்பத்திரி சீட்டில் "நாய்" என்று எழுதினார்கள்.

ஊசிக்கை:
நான் கால்நடை மருத்துவர். தம்பி சொன்ன இந்த ஒரு விஷயத்திலேயே பாதி விவாதம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நான்கு நாய்க் காப்பகங்களில் 120 நாய்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். காப்பக ஊழியர்கள் பிட்புல் வகை என்று குறித்தவை 62. டிஎன்ஏ பார்த்ததில் அந்த 120லும் சேர்த்தே அந்த வம்சம் இருந்தவை 25தான். தினமும் நாயோடு புழங்குகிறவர்களுக்கே இந்த நிலை. பிரிட்டனில் எக்ஸ்எல் புல்லியா இல்லையா என்பதை டிஎன்ஏ வைத்துத் தீர்மானிப்பதில்லை, உடல் தோற்றத்தை வைத்துத்தான். ஆண் என்றால் தோள் உயரம் 51 சென்டிமீட்டரிலிருந்து, அப்புறம் தலை அகலம், மார்பு என்று பட்டியல் போகும். கூடப் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று சட்டத்துக்குள்ளும் ஒன்று வெளியேயும் போகலாம்.

இன்னொன்று. நாய் திடீரென்று கடித்தது என்பார்கள். பெரும்பாலும் திடீரென்று இல்லை. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரியும், உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும். உறுமினால் என்ன செய்கிறோம்? அடிக்கிறோம். நாலு முறை அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், கோபத்தை நிறுத்தாது. கம்பீரமாகத் தெரியட்டும் என்று காதையும் வாலையும் வேறு வெட்டிவிடுகிறார்கள். மனசில் இருப்பதைக் காட்ட அதற்கு இருந்த கொடியையே அறுத்தாயிற்று.

என் மேஜையில் என்னை அதிகம் கடிக்க வந்தவை எல்லாம் கைக்குள் அடங்குகிற குட்டி நாய்கள்தான். அதற்காக எல்லாம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். கடியின் தீவிரத்தை ஆறு படியாகப் பிரிப்பது எங்கள் துறையில் வழக்கம். பல் படாமல் பாய்வது முதல் படி, உயிர் போவது ஆறாவது. சின்ன நாய் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் மேல் படிக்கு ஏறுவது அரிது. பெரிய நாய்க்கு அந்த வசதி உண்டு.

மரநிழல்:
டாக்டரம்மா கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். அந்த 9 சதவீதம் குணத்தைப் பற்றியது. கடித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

குணமும் வம்சத்தில் வராது என்று சொல்லிவிட முடியாது. பாயின்டர் என்ற வேட்டை நாயின் குட்டி யாரும் பழக்காமலே பறவையைக் கண்டால் ஒரு காலைத் தூக்கி நிற்கும். சைபீரியாவில் 1959ல் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி நரி வளர்ப்பைத் தொடங்கினார். சாதுவானவற்றை மட்டும் இணைசேர்த்துக்கொண்டே போனார். சில தலைமுறைகளிலேயே மனிதனைக் கண்டால் வாலாட்டும் நரி வந்துவிட்டது. பிற்பாடு அங்கேயே சீறுகிறவற்றை மட்டும் இணைசேர்த்து இன்னொரு வரிசையும் வளர்த்தார்கள். அதுவும் வெற்றிதான்! பிட்புல்லின் முன்னோர் எங்கிருந்து வந்தவை? இங்கிலாந்தில் 1835ல் காளை மீது நாயை ஏவும் கூத்தைத் தடை செய்த பிறகு, நாய்ச்சண்டைக்காக புல்டாகையும் டெரியரையும் கலந்து எடுத்தவை. மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டுமா என்ன?

ஊசிக்கை:
சண்டைக்கு வளர்த்தது உண்மை. அது நாயோடு நாய் மோதும் சண்டை. அதையும் மனிதன் மேல் பாய்வதையும் ஒன்றாக்கக் கூடாது. அந்த 2022 ஆய்வில், நாய் எவ்வளவு சீக்கிரம் சீண்டப்படுகிறது என்ற குணத்தைக் கணிக்க இனம் ஏறக்குறைய பயன்படவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற குணங்களில்தான் இனத்தின் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது.

வெட்டிப்பேச்சு:
நாய்க்கு லைசென்ஸ் இருக்கட்டும். "என் நாயைப் பார்த்தாலே தெரு நடுங்கும்" என்று பெருமை பேசுகிறவர்களுக்கு முதலில் ஒரு வாய்மூடி போடுங்கள்.

வழக்குக்கட்டு:
சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன். தடை போட்ட ஊர்களில் என்ன நடந்தது?

நெதர்லாந்து 1993ல் பிட்புல்லைத் தடை செய்தது. கடி குறையவில்லை என்று சொல்லி 2008ல் அதை எடுக்க முடிவு செய்தது. இத்தாலி ஒரு காலத்தில் 90க்கும் மேற்பட்ட இனங்களைப் பட்டியலில் வைத்திருந்தது. 2009ல் பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு, எந்த நாயாக இருந்தாலும் ஓனர்தான் பொறுப்பு என்ற இடத்துக்கு வந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1989 முதல் பிட்புல் தடை. 2020ல் மக்களே ஓட்டுப் போட்டு அதை அனுமதிச் சீட்டு முறையாக மாற்றினார்கள். இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது.

பிரிட்டன் கதைதான் எனக்கு வேடிக்கை. 1991ல் பிட்புல்லைத் தடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து, பிட்புல் வம்சம் கலந்து இன்னும் பெரிதாக வளர்த்தெடுத்த ஒன்று எக்ஸ்எல் புல்லி என்ற வேறு பெயரில் வந்து நின்றது. இப்போது அதற்கும் தடை. அடுத்த பெயர் தயாராகிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில வழி. புதிதாக நாய் வளர்க்க வருகிறவர் யாராக இருந்தாலும், என்ன இனமாக இருந்தாலும், வாங்கும் முன் எழுத்துத் தேர்வு, முதல் வருடத்துக்குள் நாயோடு செய்முறைத் தேர்வு. நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப், காப்பீடு இரண்டும் கட்டாயம்.

தையல்17:
தேர்வு வைப்பது நல்லதுதான் சார். ஓனர்தான் பொறுப்பு என்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பொறுப்பு எப்போது ஆரம்பிக்கிறது? கடித்த பிறகு. முதல் கடி வரைக்கும் எல்லா நாயும் நல்ல நாய், எல்லா ஓனரும் நல்ல ஓனர். அந்த முதல் கடியை யாராவது ஒருத்தர் வாங்கித்தானே ஆக வேண்டும்? பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே நிற்கிறவன் வாங்குவான், இல்லையென்றால் அந்த வீட்டுக் குழந்தை வாங்கும்.

எனக்கு இனத்தைத் தடை செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. என்னைக் கடித்தது என்ன இனம் என்றே தெரியாதபோது எதைத் தடை செய்யச் சொல்வது? எடையை வைத்துக் கேளுங்கள். இத்தனை கிலோவுக்கு மேல் என்றால் வெளியே வாய்மூடி, வீட்டில் இரண்டு கேட், காப்பீடு. தராசுக்கு ஜாதி தெரிய வேண்டியதில்லை.

வழக்குக்கட்டு:
தம்பி யோசனை புதிதில்லை, நடப்பில் இருக்கிறது. ஜெர்மனியிலேயே நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 40 சென்டிமீட்டர் உயரம் அல்லது 20 கிலோ எடை இருந்தால் அது "பெரிய நாய்". பதிவு, சிப், காப்பீடு, வளர்க்கத் தெரியும் என்பதற்குச் சான்று எல்லாம் வேண்டும். ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும் அல்லவா, அங்கே இனப் பட்டியலும் தனியாக இருக்கிறது.

மரநிழல்:
பார்த்தீர்களா, அவர்களும் பட்டியலை விடவில்லை. காரணம் இருக்கிறது. பிட்புல் 18 கிலோவிலும் உண்டு. உங்கள் தராசில் அது தப்பித்துவிடும், பாவப்பட்ட லேப்ரடார் மாட்டிக்கொள்ளும். தேர்வு முறையையும் ரொம்பப் புகழ வேண்டாம். சுவிட்சர்லாந்து 2008ல் ஓனர்களுக்குக் கட்டாய வகுப்பு கொண்டுவந்தது. பலர் போகவே இல்லை. 2016ல் நாடாளுமன்றமே அதைக் கைவிட்டது.

கறுப்பன் வீட்டுக்காரர்:
நேற்று ராத்திரி தம்பி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் என் முகம் தெரியாது என்ற தைரியத்தில்.

இரண்டு வருடம் முன்னால் கறுப்பனோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடினான். கறுப்பன் பாய்ந்தான். லீஷ் என் கையில்தான் இருந்தது, நான்தான் நிற்கவில்லை. நான் 61 கிலோ, அவன் 48. முட்டி தேய பத்தடி இழுத்துக்கொண்டு போனான். போய்ப் பந்தைக் கவ்வினான், அவ்வளவுதான். பையன் சிரித்தான். அன்று வீட்டில் "கால் தடுக்கிவிட்டது" என்றுதான் சொன்னேன்.

அவன் பையனைத் தேடிப் போகவில்லை, பந்தைத் தேடித்தான் போனான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேடிப் போனது வேறாக இருந்திருந்தாலும் நான் அதே பத்தடி இழுபட்டிருப்பேன். தடை வந்தால் எதிர்த்து நிற்பேன், அதில் மாற்றமில்லை. வாய்மூடி விஷயத்தில்தான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். போட்டால் பார்க்கிறவர்கள் இன்னும் பயந்து ஒதுங்குவார்களே என்பதுதான் என் ஒரே காரணமாக இருந்தது. எழுதும்போது அது காரணம் மாதிரியே தெரியவில்லை.

டாக்டரம்மா, ஏழு வயது நாய்க்கு இனிமேல் பழக்க முடியுமா?

ஊசிக்கை:
தாராளமாக. துணிப்பட்டை மாதிரி வாயை இறுக்குவதை வாங்காதீர்கள். அது ஊசி போடும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். வாய் திறந்து மூச்சிரைக்க முடியாவிட்டால் நாய்க்கு உடல் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கூடை மாதிரி இருப்பதுதான் வேண்டும், உள்ளே நாக்கை நீட்டித் தண்ணீர் குடிக்க முடிய வேண்டும்.

வாங்கியதும் மாட்டாதீர்கள். முதல் சில நாள் அதற்குள் பிடித்த தீனியைப் போட்டு, அவனே மூக்கை விடட்டும். பட்டையை மாட்டுவது அப்புறம். முதலில் சில விநாடி, பிறகு ஒரு நிமிடம். அவசரப்பட்டால் பிறகு கூடையைக் கண்டாலே ஓடுவான்.

கறுப்பன் வீட்டுக்காரர்:
ஒன்று வாங்கிவந்து தரையில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். வழக்கம்போலப் பாதிதான்.

தையல்17:
அண்ணா, நடக்கும்போது லீஷை இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள். 48 கிலோ என்கிறீர்கள்.

மரநிழல்:
கூடை போட்ட 48 கிலோ முட்டினாலும் வயசானவர் இடுப்பு எலும்பு உடையும். என் ஓட்டு மாறவில்லை. கறுப்பன் அந்தக் கூடைக்குள் மூக்கை விட்டால் மட்டும் இங்கே வந்து சொல்லுங்கள்.