மறு: 'டூ ஜெனரேஷன்', 'ஹோல் ஃபேமிலி' – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் உதவும் திட்டங்களை ஆங்கிலத்தில் 'டூ ஜெனரேஷன்' (இரண்டு தலைமுறை), 'ஹோல் ஃபேமிலி' (முழுக் குடும்பம்) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்தப் பேச்சில் யாழ்ப்பாணத்து அண்ணன் 'இருதலைமுறை அணுகுமுறை' என்று எழுதியதையும், சென்னையிலிருந்து அக்கா 'ஒருங்கிணைந்த குடும்ப மேம்பாடு' என்று முன்வைத்ததையும் படித்தேன். அண்ணனுடையதில் பாதி சரி என்று நினைக்கிறேன். அக்காவுடையதை ஏற்க முடியவில்லை. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டங்களோடு வேலை செய்கிறவன், இந்தச் சொல் வரப்போகிற கடதாசிகளைத் தமிழில் எழுதிக்கொடுக்கிறவனும்கூட, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பாலர் கல்வி கொடுக்கும் அதே கை, அதே நேரத்தில் பெற்றோருக்குத் தொழிற்பயிற்சி, வருமானம், உடல்நலம், துணைக்கு நாலு பேர் என்று கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர். அமெரிக்காவில் ஆஸ்பென் என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தின் அசென்ட் பிரிவு இதை 'டூ-ஜென்' என்ற சுருக்கப் பெயரில் பரப்பியது. எண்ணம் அதைவிடப் பழசு. 1965இல் அங்கே வந்த ஹெட் ஸ்டார்ட் என்ற பாலர் கல்வித் திட்டமே வறிய வீட்டுப் பிள்ளைகளோடு பெற்றோரையும் உள்ளே இழுத்ததுதான். ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் 2009இல் தொடங்கிய கரியர் அட்வான்ஸ் என்ற திட்டம் நல்ல உதாரணம்: பிள்ளை ஹெட் ஸ்டார்ட்டில் இருக்கும், தாய் தாதி உதவியாளர் மாதிரி சுகாதாரத் துறை வேலைக்குப் படிப்பாள், அவளோடு படிக்கிறவர்கள் குழுவாகச் சந்திப்பார்கள், வழிகாட்ட ஓர் ஆள் இருப்பார்.

இந்தத் துறையில் ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் பிள்ளைக்கு மட்டுமான திட்டம், மறுமுனையில் பெற்றோருக்கு மட்டுமான திட்டம். பிள்ளைத் திட்டத்தில் பெற்றோருக்கு ஏதோ ஒன்றை ஒட்டுவது ஒரு வகை, பெற்றோர் திட்டத்தில் பிள்ளைக்கு ஏதோ ஒன்றை ஒட்டுவது இன்னொரு வகை. நடுவில் நிற்பதுதான் 'ஹோல் ஃபேமிலி'. வருசத்துக்கு இரண்டு தடவை பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு நாங்களும் செய்கிறோம் என்று சொல்பவர்களை இந்தச் சொல் வெளியே நிறுத்த வேண்டும். நாம் ஆக்கும் சொல்லுக்கு அந்தக் கறார் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் தாய் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், விடுகிறாள். பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று இருக்கும், பேச்சில் இன்னும் பிள்ளைக்காம்பராதான். மாற்று உடுப்பு, பால் போத்தல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஒரு பையில். அங்கே பிள்ளையை நிறுத்து வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைப்பார்கள், கோடு இறங்கினால் தாயைக் கூப்பிட்டு முட்டை கொடுங்கள், கீரை கொடுங்கள் என்பார்கள். நல்ல ஆலோசனைதான். அதே தாய் மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தையும் ஒருவர் நிறுக்கிறார். சொன்ன கிலோ வரவில்லையென்றால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், அந்தப் பேரில் வரும் காசில்தான் முட்டை வாங்க வேண்டும். பிள்ளையின் நிறை ஒரு கொப்பியில், தாயின் கொழுந்து நிறை இன்னொரு கொப்பியில். இரண்டு கொப்பியும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்குரிய உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டளவில் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். அந்த இரண்டு மடங்கைப் பிள்ளைக்குத் தரும் சத்துமாவால் மட்டும் இறக்க முடியாது.

'ஒருங்கிணைந்த' என்பதை நான் ஏன் மறுக்கிறேன் என்றால், அது நம்மிடம் ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது. இந்தியாவில் 1975இல் வந்த அங்கன்வாடித் திட்டத்தின் பெயரே 'ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்', இங்கேயும் 'ஒருங்கிணைந்த' என்று தொடங்கும் திட்டங்கள் நிறைய. அங்கெல்லாம் ஒருங்கிணைவது திணைக்களங்கள். அதிகாரிகள் ஒரே மண்டபத்தில் கூடி உட்கார்ந்தால் போதும், ஒருங்கிணைந்தாகிவிட்டது. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அந்தச் சொல் கேட்காது. அதோடு 'குடும்ப மேம்பாடு' என்றால் இங்கே சுயதொழில் கடனா என்று கேட்பார்கள்.

முன்பு ஒருவர் சொன்ன 'தாய்சேய்' இனிமையான சொல், பழக்கமான சொல். 1973இலிருந்து திரிபோஷா என்ற சத்துமா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பிள்ளைக்கும் போகிறதே, அந்த மாதிரி வேலைக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் தகப்பன் அதில் இல்லை. தோட்டத்தில் வேலை குறைந்து கொழும்புக் கடைக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கிற தகப்பனை இன்னும் தூரத்தில் நிறுத்திவிடும்.

இனி அண்ணனின் 'இருதலைமுறை'. மூலத்துக்கு நேர் சொல், சுருக்கம், பெயரடையாகவும் நிற்கும். சிக்கல் என்னவென்றால் எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிள்ளையை வளர்ப்பது பல நேரம் மூன்றாம் தலைமுறை. தாய் சவுதியிலோ குவைத்திலோ வீட்டு வேலையில் இருப்பாள், பிள்ளை அம்மாயியிடம் (தாயின் தாயிடம்) இருக்கும். அம்மாயியும் ஓய்வு வாங்கிவிட்டுக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். பாடசாலைக் கூட்டத்துக்கு வருவது அவள்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவள்தான். இரு தலைமுறை என்று எழுதினால் படிவத்தில் அவளுக்குக் கட்டம் இருக்காது. இது நான் பயந்து சொல்வதல்ல, படிவம் தயாரிக்கிறவர்கள் தலைப்பைப் பார்த்துத்தான் கட்டம் போடுகிறார்கள்.

கொள்கை என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகும். 2013இல் வெளிநாடு போகும் பெண்களுக்குக் 'குடும்பப் பின்னணி அறிக்கை' கட்டாயமானது, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். 2022இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது அந்த வயதை இரண்டாக இறக்கினார்கள். பெயரில் குடும்பம் இருக்கிறது, உள்ளே குடும்பம் இல்லை. முதலில் பிள்ளையைக் காட்டித் தாயை மறித்தார்கள், அப்புறம் காசைக் காட்டித் தாயை விட்டார்கள். அவள் இங்கேயே உழைக்க என்ன வழி, அவள் போனால் வீட்டில் இருப்பவருக்கு என்ன துணை என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருந்தால்தான் அது நாம் பேசும் கொள்கை. தகப்பனிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் என் முன்மொழிவு: குடும்பந்தழுவிய. 'நாடு தழுவிய வேலைநிறுத்தம்' என்று பத்திரிகையில் தினமும் வாசிக்கிறோம், ஒரு மூலையும் விடாமல் முழுவதும் என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். அதே பொருள் இங்கே அப்படியே வரும். குடும்பந்தழுவிய நிகழ்ச்சித்திட்டம், குடும்பந்தழுவிய கொள்கை, குடும்பந்தழுவிய சேவை. தமிழ்நாட்டு நண்பர்கள் நிகழ்ச்சித்திட்டம் என்பதைத் 'திட்டம்' என்றே எழுதலாம், அதில் சண்டை வேண்டாம். தராசின் மற்ற முனைகளைப் பிள்ளைமைய, பெற்றோர்மைய என்று வைத்தால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறுபாட்டைக் காட்டும். 'இருதலைமுறை'யைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெற்றோர், பிள்ளை இருவரையும் மட்டும் அளக்கும் ஆய்வுகளில் அதுவே பொருத்தம், இரண்டையும் சொற்பட்டியலில் தனித்தனிப் பதிவாக வைப்போம்.

'தழுவிய' என்றால் வேறொரு கதையைத் தழுவி எழுதுவது என்ற பொருளும் உண்டே என்று யாராவது கேட்பீர்கள். உண்டு, ஆனால் அந்தப் பொருளில் 'நாவலைத் தழுவிய' என்று ஐ உருபு ஏறித்தான் வரும், குழப்பம் வராது. 'குடும்பத்தழுவல்' என்று பெயர்ச்சொல் ஆக்குவதை மட்டும் தவிர்ப்போம், அது வேறெங்கோ போய்விடும்.

ஒரு விளக்கக் குறிப்பு அவசியம் வேண்டும். குடும்பம் என்றால் முகவரி அல்ல. ஒரே லயக்காம்பராவில் தாய் தகப்பனும், கலியாணம் கட்டிய மகனும் மருமகளும், அவர்கள் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டு இலக்கத்தை வைத்து எண்ணினால் அது ஒன்று. பிள்ளையை யார் வளர்க்கிறார்கள், யார் உழைப்பில் வளர்க்கிறார்கள் என்று எண்ணினால் வேறு கணக்கு, வெளிநாட்டில் இருக்கிற தாயும் உள்ளே வந்துவிடுவாள். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டம் வந்தபோது பட்டியலில் பேர் இருக்கிறதா இல்லையா என்று எத்தனை குடும்பம் அலைந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

பதிவில் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: 'குடும்பந்தழுவிய – பிள்ளைக்கும், பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும், ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின் கீழ் கல்வி, வருமானம், நலம் ஆகியவற்றில் துணைசெய்கின்ற.' 'துணைசெய்கின்ற' கொஞ்சம் இழுக்கிறது, அண்ணன் அதைச் சுருக்கிக் கொடுத்தால் நல்லது. அக்கா, அங்கன்வாடிப் பணியாளர்களோடு நீங்கள் பழகுகிறீர்கள் அல்லவா, அவர்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துவிட்டு என்ன விளங்கியது என்று எழுதுங்கள். நான் இங்கே பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். பிரதேச செயலகத்துக்குப் போகும் கடதாசி ஒன்று என் கையில் இருக்கிறது, அடுத்த வாரத்துக்குள் முடிவானால் அதிலேயே போட்டுவிடலாம்.