தொடை எலும்பில் கட்டி, காலை எடுத்தே ஆக வேண்டுமா?

மதுரைக்காரி:
தங்கை மகனுக்கு 14 வயது. ஃபுட்பாலில் அடிபட்ட வீக்கம் என்று நினைத்து இரண்டு மாதம் எண்ணெய்க் கட்டு போட்டோம், அதை நினைத்தாலே வயிறு எரிகிறது. கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய், முழங்காலுக்குச் சற்று மேலே. முதலில் கீமோ, அப்புறம் அந்த எலும்பை வெட்டிவிட்டு உலோக மூட்டு வைக்கலாம் என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ காலையே எடுத்துவிட்டால் நோய் திரும்பாது, பிள்ளை பிழைத்தால் போதும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். யாருக்காவது அனுபவம் உண்டா?

வார்டு நர்ஸ்:
காலை எடுத்தால் நோய் திரும்பாது என்பது தப்பு அக்கா. இது உயிரை வாங்குவது பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவித்தான், அதைத் தடுப்பது கீமோ. கீமோ வராத காலத்தில் காலை எடுத்தும் பத்தில் இரண்டு பேர் பிழைத்தாலே அதிகம். கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு முழுசாக எடுக்க முடிந்தால், கால் இருந்தாலும் போனாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் கட்டிக்குள் சிக்கியிருந்தால் கதை வேறு. பயாப்ஸி எடுத்த தடத்தையும் ஆபரேஷனில் சேர்த்து எடுக்க வேண்டும், வேறு ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரும்புக்கால்:
எனக்கு 17 வயதில் உலோக மூட்டு வைத்தார்கள், இப்போது 29. மாடி ஏறுவேன், ஸ்கூட்டர் ஓட்டுவேன், ஓடக்கூடாது. எட்டாவது வருடம் மூட்டு ஆட்டம் கண்டு மறுபடி ஆபரேஷன், இன்றைக்கும் கால் லேசாகச் சிவந்தாலே உள்ளே கிருமி புகுந்துவிட்டதோ என்று பயம்தான். இதையெல்லாம் அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் பையன் இன்னும் வளர்வான், அதனால் நீட்டிக்கொள்ளக்கூடிய மூட்டு பற்றிக் கேளுங்கள், விலைதான் அதிகம்.

வார்டு நர்ஸ்:
ரொட்டேஷன்பிளாஸ்டி பற்றியும் கேளுங்கள். முழங்காலோடு அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலை 180 டிகிரி திருப்பித் தொடையோடு சேர்ப்பார்கள். பின்பக்கம் பார்க்கும் கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும், பாதத்தில் செயற்கைக்கால் மாட்டலாம். பார்க்க ஒரு மாதிரி இருக்கும், பலர் அதனாலேயே வேண்டாம் என்பார்கள். ஆனால் ஓடலாம், விளையாடலாம். பையனிடம் கேட்டீர்களா?

மதுரைக்காரி:
இன்று கேட்டோம். "எதை வைத்தால் ஃபுட்பால் விளையாடலாம்?" என்றான். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது அவனையும் உள்ளே கூட்டிப்போகிறோம், அவனே கேட்கட்டும்.