சந்தேகம்: 'ஸ்கூல் ஆஃப் ராக்' தொடரோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவில்லை, டியூனர் மட்டும் சரி என்கிறது

அரைஃப்ரெட்:
நிக்கலோடியனில் 2016 முதல் 2018 வரை வந்த 'ஸ்கூல் ஆஃப் ராக்' தொடர். ஐரோப்பாவில் ஒளிபரப்பானபோது செட் டாப் பாக்ஸில் பதிவு செய்த கோப்புகள், நொடிக்கு 25 ஃப்ரேம் என்று காட்டுகிறது. பாட்டு வரும் இடங்களில் பிள்ளைகள் கித்தாரும் பேஸும் சேர்த்து வாசிக்கிறார்கள். டியூனரில் எல்லாத் தந்தியும் பச்சை. ஆனால் பாட்டோடு சேரவே இல்லை. அப்படியே வாசித்தால் சுருதி குறைகிறது, ஒரு ஃப்ரெட் (கித்தார் கழுத்தில் ஒரு கட்டம், அரைசுரம்) மேலே போனால் கூடிவிடுகிறது. அதே பாட்டின் ஆல்பம் வடிவத்தோடு வாசித்தால் கச்சிதம். தந்தி மாற்றியாயிற்று, புளூடூத்தை விட்டு வயர் ஸ்பீக்கரும் போட்டுப் பார்த்தாயிற்று. எங்கே கோளாறு?

தாளக்கட்டு:
தந்தி மேல் பழி போடாதீர்கள், நீங்களே எழுதியிருக்கும் அந்த 25தான் காரணம். புளூடூத் சத்தத்தைத் தாமதமாக்கும், சுருதியை அசைக்காது.

அமெரிக்கத் தொடர்கள் பல நொடிக்கு 23.976 ஃப்ரேமில் தயாராகின்றன. ஐரோப்பிய ஒளிபரப்பு 25. ஒரு நொடிக்கு ஒரு ஃப்ரேம் இடைவெளியை நிரப்பச் சுலபமான வழி, படத்தையும் ஒலியையும் சேர்த்து 4.27 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது. பேச்சில் யாருக்கும் தெரியாது. பாட்டில் ஒரு அரைசுரத்தின் 100 சென்ட்டில் 72 சென்ட் ஏறிவிடும். 440 ஹெர்ட்ஸ் 'ஏ' சுரம், 459 ஆகிவிடும். நம் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரையை நெருங்கிப் போய் எட்டாமல் நிற்கிறது. அந்த இடத்துக்கு உங்கள் கித்தாரில் ஃப்ரெட்டே கிடையாது.

உறுதி செய்ய எபிசோடு நீளத்தைப் பார்க்காதீர்கள். விளம்பரம் வெட்டியது, டைட்டிலைச் சுருக்கியது எல்லாம் அதில் கலந்திருக்கும். முழுப்பாட்டையும் அளக்காதீர்கள், தொடருக்காகப் பாட்டைக் குறுக்கியிருப்பார்கள். ஒரே பல்லவியில் 16 பார் (நான்கு தட்டு கொண்ட தாளச் சுற்று) எடுத்து ஆல்பத்திலும் பதிவிலும் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகப் பாட்டு என்றால் ஆல்பத்தில் 32 நொடி, பதிவில் 30.7 வரும்.

இரண்டும் சம நேரம் வந்தால் இது வேறு நோய். பதிவின் சுரத்தை டியூனருக்குக் காட்டும்போது முள் நடுவில் நின்று சுரம் மட்டும் ஒரு ஃப்ரெட் தள்ளியிருந்தால் அது பாட்டின் கட்டை, கோளாறே இல்லை. முள் எப்போதும் ஒரே அளவு விலகி நின்றால்தான் பதிவின் வேகத்தைச் சந்தேகப்பட வேண்டும். நேரம் குறைந்து சுருதி சரியாக இருந்தால், சேனல்காரர்களே சுருதியைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

குட்டிடிரம்ஸ்:
ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) ஒரு அரைசுரம் இறக்கிவிட்டால் முடிந்தது!

தாளக்கட்டு:
முடியாது தம்பி. ஏறியது 72, நீங்கள் இறக்குவது 100. இப்போது 28 சென்ட் குறையும். வேகமும் அப்படியே இருக்கும்.

நாலுதந்தி:
கோப்பைத் தொடாமல் இன்றைக்கே வாசிக்க ஒரு வழி. 28 என்ற அந்த எண்ணை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். டியூனரின் அளவுகோலை 440-இலிருந்து 433-க்கு மாற்றி எல்லாத் தந்தியையும் இறக்குங்கள், அது 28 சென்ட் குறைவு. பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்). 100 ஏறி 28 கழிந்தால் 72. பழைய கார்டுகளையே பிடிக்கலாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் கூட்டல் ஒன்று, ஃபைன் டியூன் 433. டிரம்ஸுக்கு ஒன்றும் வேண்டாம், கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேஸில்தான் சிக்கல். கேப்போ போட மாட்டார்கள், எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிக்கும்போது திறந்த தந்திகள் போய்விடும். டியூனரை 459-க்கு ஏற்றித் தந்தியை முறுக்கலாமே என்று தோன்றும், வேண்டாம்: பல டியூனர்கள் 450-க்கு மேல் போகாது, இழுவிசையும் எட்டு சதவீதத்துக்கு மேல் கூடும்.

இன்னொன்று, பேஸ் நோட்ஸ் தேடும்போது 2003-இல் வந்த படத்தையும் தொடரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். படத்தில் பேஸ் கேட்டி, டோமிகா பாடகி. தொடரில் பேஸ் டோமிகா கையில். பாட்டுகளும் வேறு. படத்தின் பேஸ் நோட்ஸை வைத்துக்கொண்டு தொடரோடு மல்லுக்கட்டினால் எந்த டியூனரும் காப்பாற்றாது.

எம்கேவிஅண்ணாச்சி:
பேஸும் இருப்பதால் கோப்பையே திருத்துங்கள். ஒரு எபிசோடுக்குப் பத்து நிமிட வேலை.

ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் நூலகம் சேர்த்தால் வீடியோவிலிருந்து ஒலியை நேராக இழுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதையே எடுங்கள், 5.1 என்றால் ஆறு தனி வரிசையாக வரும், ஆறையும் தேர்ந்த பிறகே எஃபெக்ட் போட வேண்டும். எஃபெக்டில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்', பழைய பதிப்பில் வெறும் 'சேஞ்ச் ஸ்பீட்'. சதவீதத்தில் கழித்தல் 4.096 (ஏறியது 4.27, இறங்குவது 4.096, ஒரே எண்ணைப் போட்டால் பிசகும்). பக்கத்திலேயே 'சேஞ்ச் டெம்போ', 'சேஞ்ச் பிட்ச்' இருக்கும், அவை ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே விடுபவை. சேனல்காரர்கள் சுருதி திருத்திய கோப்புக்கு மட்டும் 'சேஞ்ச் டெம்போ'. 48000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்திலேயே ஏற்றுமதி.

பிறகு எம்கேவி டூல்நிக்ஸில் (படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும் மென்பொருள்) பழைய வீடியோ, புது ஒலி. பழைய ஒலிக்கு டிக்கை எடுங்கள். வீடியோ டிராக்கைத் தேர்ந்து ஃப்ரேம் வேகப் பெட்டியில் 24000/1001பி (அதே 23.976தான்). படம் மறுபடி என்கோட் ஆகாது, தரம் குறையாது. அங்கே 'ஸ்ட்ரெட்ச் பை' என்றொரு பெட்டி உண்டு. அதைப் பழைய ஒலிக்குப் போட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது நேரமுத்திரையை மட்டும் இழுக்கும், சுரத்தை அல்ல. கிடைப்பது திக்கித் திக்கிப் போகும் சத்தம்.

அரைஃப்ரெட்:
16 பார் 30.7-ஏதான்! இப்போது பாட்டு சுருதியில் நிற்கிறது, பேஸ் சேர்கிறது. ஆனால் எபிசோடு தொடக்கத்தில் உதடும் பேச்சும் சரி, போகப் போகப் பேச்சு பின்தங்கி, முடிவில் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் வித்தியாசம். விஎல்சியில் ஒலியை முன்பின் நகர்த்தும் ஜே, கே விசைகளைத் தட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

எம்கேவிஅண்ணாச்சி:
வீடியோ இன்னும் 25-லேயே ஓடுகிறது. 22 நிமிடத்துக்கு 54 நொடி வித்தியாசம் வரும், நீங்கள் சொல்வது அதுதான். ஃப்ரேம் வேகத்தை ஒலி டிராக் தேர்வாகி இருக்கும்போது போட்டிருப்பீர்கள். வீடியோ வரியைச் சொடுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஜே, கே ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகர்த்தும். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகினால்தான் அது உதவும், வளரும் விலகலுக்கு உதவாது.

அசைவில் கோடு கோடாகத் தெரியாவிட்டால் டீஇன்டர்லேஸை (ஒன்றுவிட்ட வரிகளாக வரும் இரண்டு பாதிப் படங்களை, அதாவது ஃபீல்டுகளை, சரிசெய்யும் வசதி) அணையுங்கள். இந்த வகைப் பதிவில் இரண்டு ஃபீல்டும் பெரும்பாலும் ஒரே ஃப்ரேமிலிருந்து வந்தவை.

அரைஃப்ரெட்:
அதேதான், ஒலி வரியில் போட்டிருந்தேன். இப்போது கடைசிக் காட்சி வரை உதடு சேர்கிறது. சப்டைட்டில் மட்டும் முந்துகிறது.

எம்கேவிஅண்ணாச்சி:
சப்டைட்டில் அதே பதிவிலிருந்து வந்தது என்றால் அதற்குத்தான் 'ஸ்ட்ரெட்ச் பை': 25025/24000. அமெரிக்கப் பதிப்புக்குச் செய்த தனிக் கோப்பு என்றால் தொடாதீர்கள், அது இப்போது தானாகவே பொருந்தும்.