டே டிரேட் எண்ணும் ஸ்கிரிப்ட்: என் கணக்கு 1, புரோக்கர் கணக்கு 3

ஃபிரிஸ்கோவாசி | ஜூன் 20, 2024, காலை 7:40

வணக்கம். என்னுடையது மார்ஜின் அக்கவுண்ட் (புரோக்கரிடம் கடன் வாங்கியும் பங்கு வாங்கலாம்), உள்ளே 11,000 டாலர் சொச்சம். இப்போதைய (2024) விதிப்படி 25,000 இல்லாத ஏழைக்கு ஐந்து வியாபார நாளில் 3 டே டிரேட்தான், அதாவது ஒரே பங்கை அன்றே வாங்கி அன்றே விற்பது. 4-ஆவது விழுந்தால் இதையே வழக்கமாகச் செய்பவர் என்று பேட்டர்ன் டே டிரேடர் முத்திரை. அதனால் புரோக்கர் தரும் சிஎஸ்வி கோப்பைப் படித்து மிச்சம் எத்தனை என்று சொல்ல பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். மார்க்கெட் திறக்கும் முன் (டெக்சஸ் நேரம் 8:30) ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

இன்று ஸ்கிரிப்ட் "1 ஆச்சு, 2 மிச்சம்" என்கிறது. புரோக்கர் ஆப்பில் "0 மிச்சம்". சாட்டில் கேட்டால் விதிமுறைப் பக்கத்தின் லிங்க்கைக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்கிறார்கள். நான் செய்தது இவ்வளவுதான்:

ஜூன் 13, வியாழன்: ஏஎம்டி பங்கு 20 வாங்கி அன்றே விற்றேன்.
ஜூன் 14, வெள்ளி: ஃபோர்டு 100 பங்கு மே மாதத்திலிருந்தே கையில் இருக்கிறது. காலையில் இன்னும் 50 வாங்கினேன், மதியம் 50 விற்றேன்.
ஜூன் 18, செவ்வாய்: இன்டெல் 30, 30, 40 என்று மூன்று தடவையாக வாங்கி, 100-ஐயும் ஒரே ஆர்டரில் விற்றேன்.

ஏஎம்டிக்கு ஐந்து நாள் முடிந்துவிட்டது. ஃபோர்டில் விற்றது பழைய பங்கு. முதலில் வாங்கியதுதானே முதலில் போகும்? ஆக இன்டெல் மட்டும்தான். அதை மூன்றாக எண்ணுகிறார்களோ?

ரெண்டு_சக்கரை

நேற்று என்ன கிழமை, என்ன நாள் பாஸ்? ஜூன்டீன்த், மார்க்கெட் லீவு. உங்க ஸ்கிரிப்ட் சனி ஞாயிறை மட்டும் கழிக்குது போல. லீவைத் தள்ளினா ஐந்து நாள்ங்கறது 13, 14, 17, 18, 20. ஏஎம்டி இன்னும் உள்ளேதான் இருக்கு.

கணக்குப்பிள்ளை

நான் எடிசன்காரன். புரோக்கரேஜ் மார்ஜின் டிபார்ட்மெண்டில் பல வருஷம் குப்பை கொட்டியவன்.

தம்பி, இன்டெல்லில் தப்பில்லை. வாங்கி, வாங்கி, வாங்கி, கடைசியில் ஒரே விற்பனை என்றால் அது ஒரு டே டிரேட். ஆர்டரை எண்ணக்கூடாது, திசை மாறுவதை எண்ண வேண்டும். 50 வாங்கி 20, 30 என்று இரண்டாக விற்றாலும் ஒன்றே. வாங்கி, விற்று, மறுபடி வாங்கி, மறுபடி விற்றால்தான் இரண்டு.

சிக்கல் ஃபோர்டில். முதலில் வாங்கியது முதலில் போவது வரிக் கணக்கு. வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அது சரி. புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் 4210-ஆம் விதிக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. இரவு தாண்டிக் கையில் இருந்த பங்கை, அதே பங்கில் அன்று புதிதாக எதுவும் வாங்குவதற்கு *முன்* விற்றால் மட்டுமே விலக்கு. நீங்கள் காலையில் 50 வாங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு விற்றது டே டிரேட்தான். வரிசையை மாற்றி, முதலில் பழைய 50-ஐ விற்றுவிட்டு அப்புறம் 50 வாங்கியிருந்தால் எண்ணிக்கையில் வந்திருக்காது. கையிருப்பு என்னவோ இரண்டிலும் கடைசியில் அதே 100.

13, 14, 18: மூன்று. ஆப் சொல்வது சரி. இன்று வாங்குவதை இன்றே விற்காதீர்கள். நாளை 21-ஆம் தேதி 13 கழன்றுகொள்ளும், ஒன்று திரும்பக் கிடைக்கும்.

6 சதவீத விலக்கு இருக்கிறதே என்று யாராவது கிளம்புவார்கள். அந்த ஐந்து நாளின் மொத்த டிரேடில் டே டிரேட் 6 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் முத்திரை இல்லை, உண்மைதான். நாலு டே டிரேடுக்கு அதில் தப்பிக்க மொத்தம் 67 டிரேடாவது வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது ஆகாத காரியம்.

ரெண்டு_சக்கரை

இவ்வளவு தலைவலி எதுக்கு? கடன் இல்லாத கேஷ் அக்கவுண்டுக்கு மாறிடுங்க, இந்த விதியே கிடையாது. மே 28-லேர்ந்து செட்டில்மெண்ட் ஒரே நாள்தான், இன்னைக்கு வித்த பணம் நாளைக்குக் கைக்கு வந்துடும்.

கணக்குப்பிள்ளை

வரும். ஆனால் செட்டில் ஆகாத பணத்தில் வாங்கி, அந்தப் பணம் வந்து சேர்வதற்குள் விற்றால் குட் ஃபெயித் வயலேஷன் என்ற விதிமீறல். அதை எண்ண இன்னொரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

ஃபிரிஸ்கோவாசி

ரொம்ப நன்றி அண்ணா, சக்கரை பாஸுக்கும். லீவுக்கு பைத்தான் லைப்ரரியான பாண்டாஸில் இருக்கும் ஃபெடரல் விடுமுறைப் பட்டியலைச் சேர்த்துவிட்டேன். ஃபோர்டு வரிசையையும் திருத்தியாச்சு. இப்போது 3 காட்டுகிறது.

கணக்குப்பிள்ளை

அந்தப் பட்டியல் வேண்டாம். அதில் புனித வெள்ளி இருக்காது, அன்று நியூயார்க் பங்குச் சந்தை மூடியிருக்கும். கொலம்பஸ் தினம் இருக்கும், அன்று சந்தை திறந்திருக்கும். பாண்டாஸ் மார்க்கெட் காலண்டர்ஸ் என்று தனி லைப்ரரியே இருக்கிறது, அதில் நியூயார்க் காலண்டரை எடுங்கள். அப்புறம் சிஎஸ்வியில் நேரம் யூடிசியா (உலகப் பொது நேரம்) என்று பாருங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் மாலை 7 மணிக்கே அங்கே தேதி மாறிவிடும். சந்தை மூடிய பிறகு 8 வரை நடக்கும் ஆஃப்டர் அவர்ஸ் விற்பனை மறுநாள் கணக்கில் போய் உட்காரும்.

புரோக்கருக்கு ஏபிஐ (ஸ்கிரிப்ட் நேராகத் தகவல் கேட்கும் வழி) இருந்தால் மிச்ச எண்ணிக்கையை நேராக அதிலிருந்தே வாங்கலாம். இன்டராக்டிவ் புரோக்கர்ஸில் டேட்ரேட்ஸ்ரிமெய்னிங் என்று ஒரு விவரம் வரும். அதில் -1 வந்தால் பயப்படாதீர்கள், வரம்பு இல்லை என்று அர்த்தம்.